கருங்கோழிக் குஞ்சு வாங்கும் முன்: அசலையும் கலப்பையும் கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி?

முதல் முறை கருங்கோழி வளர்க்க ஆசைப்பட்டு ஒரு மாதக் குஞ்சுகள் முப்பது வாங்கினேன். இறகெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. இறகை மட்டும்தான் பார்த்தேன். நான்காம் மாதம் சேவல்களுக்குக் கொண்டை ஏறத் தொடங்கியது. பதினொரு சேவலுக்கும் செம்பருத்திப் பூ மாதிரி சிவப்புக் கொண்டை. பெட்டைகளோ கடைசி வரை கறுப்பாகவே இருந்தன. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "வெயில் பட்டா அப்படித்தாங்க சிவக்கும்" என்றார். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் சேவல் மட்டும் சிவந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் கீழே வரும் 3-ஆம் படி. இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் அதை மட்டுமாவது படித்துவிட்டுக் குஞ்சு வாங்கப் போங்கள்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று பெயரைத் தெளிவாகக் கேளுங்கள்

நம் ஊரில் கருங்கோழி என்று விற்கப்படுவது கடக்நாத் இனம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளில் பீல், பிலாலா பழங்குடி மக்கள் காலங்காலமாக வளர்த்து வந்த கோழி. அங்கே அதற்குக் 'காலி மாசி' என்று பெயர். இதில் மூன்று வகை உண்டு: முழுக் கறுப்பு, கழுத்தில் வெள்ளிக் கோடு ஓடுவது, கழுத்தில் பொன்னிறம் உள்ளது. மூன்றும் அசல்தான். கழுத்து இறகில் மஞ்சள் தெரிகிறதே, கலப்போ என்று பயந்து நல்ல சேவலைக் கழித்துக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். இறகின் நிறம் இங்கே சாட்சி சொல்லாது.

'ஜாபுவா கடக்நாத்' கருங்கோழி இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஜாபுவா பகுதியில் விளையும் இறைச்சிக்கு உரியது. நம் ஊர்ப் பண்ணையில் யாராவது புவிசார் குறியீட்டுச் சான்றிதழின் நகலைக் காட்டி "எங்க குஞ்சு ஒரிஜினல்" என்றால், அந்தத் தாளுக்கும் அந்தக் குஞ்சுக்கும் தொடர்பு கிடையாது.

படி 2: கையில் பிடித்துப் பாருங்கள்

வளர்ந்த கோழியாக இருந்தால் இடது கக்கத்தில் அணைத்துக்கொண்டு, வலது கை விரலால் அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள். கரும்பலகையைத் துடைத்த துணி மாதிரி சாம்பல் கலந்த கறுப்பு இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு நாக்கு என்றால் கலப்பு. அடுத்து இறக்கைக்கு அடியில் ஊதுங்கள். இறகு விலகித் தோல் தெரியும். அது ஈயம் பூசியது போல நீலக் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ மஞ்சளோ தெரியக் கூடாது. மலவாயைச் சுற்றிய தோலையும் பாருங்கள். கடைசியில் காலைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்கள். காலின் மேல் செதில் கறுப்பாக இருந்து உள்ளங்கால் வெளுத்திருக்கும் கோழிகள் சந்தையில் ஏராளம். விற்பவர்கள் இதை மறைப்பதில்லை, வாங்குபவர்கள்தான் திருப்பிப் பார்ப்பதில்லை.

கொண்டையும் தாடியும் சாம்பல் முதல் கருஞ்சிவப்பு கலந்த ஊதா வரை இருக்கலாம். பருவத்தில் இருக்கும் சேவலுக்கு அந்த ஊதா கொஞ்சம் தூக்கலாகவே தெரியும், அது குற்றமில்லை. பளிச்சென்ற சிவப்புதான் குற்றம்.

விரல்களையும் எண்ணிவிடுங்கள். கடக்நாத்துக்கு நான்கு விரல். ஐந்து விரலும், தலையில் குடுமியும், காலில் மயிரும் இருந்தால் சில்க்கி என்ற அலங்காரக் கோழியின் ரத்தம் கலந்திருக்கிறது. சில்க்கிக்கும் தோலும் எலும்பும் கறுப்புதான் என்பதால், அதைக் கலந்து பெருக்கினாலும் குஞ்சு கறுப்பாகவே இருக்கும்.

ஒரு நாள் குஞ்சு நீலங்கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கில்லாத கருங்கோடுகளோடு இருக்கும். அந்த வயதில் நாக்கு இன்னும் முழுதாகக் கறுத்திருக்காது, அதனால் நாக்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தோலையும் காலையும் பாருங்கள்.

முட்டை கறுப்பாக இருக்கும் என்று படம் போட்டு விற்கிறவர்களிடம் குஞ்சு கூட வாங்காதீர்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பு நிறம். ரத்தமும் சிவப்புதான்.

படி 3: பெட்டையைப் பார்க்காதீர்கள், சேவலைப் பாருங்கள்

கடக்நாத்தின் கறுப்பு ஓங்கு குணம். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடம் இருந்து வந்தாலே குஞ்சு கறுக்க ஆரம்பிக்கும். ஆகவே ஒரே ஒரு கறுப்புக் கோழியைக் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. வெள்ளைக்கால், மஞ்சள்கால் கோழிகளிடம் தோலில் கறுப்பு படியாமல் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. அது குஞ்சு சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக் குஞ்சுக்கு அந்தக் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மட்டும் வருகிறது. சேவல் குஞ்சுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருகிறது. இப்போது ஒருவர் நல்ல கடக்நாத் சேவல் ஒன்றை மட்டும் வாங்கி, மஞ்சள்கால் பெட்டைகளோடு விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும் பெட்டைகள் தகப்பனைப் போலக் கறுக்கும். சேவல் குஞ்சுகள் தாயிடமிருந்து அந்தத் தடையையும் வாங்கிக்கொண்டு வெளிறிப் போகும், கொண்டையும் சிவக்கும். என் முப்பது குஞ்சுகளில் நடந்தது இதுதான்.

அதனால் பண்ணைக்குப் போனால், "அஞ்சு மாசச் சேவல் பத்து காட்டுங்க" என்று கேளுங்கள். பத்தும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் நம்பிக்கை வரும். பெட்டைகளை மட்டும் காட்டி, "சேவலெல்லாம் கறிக்குப் போயிடுச்சு" என்றால் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

சிறுவிடை, பெருவிடை வாங்குபவர்களுக்கு

சிறுவிடை, பெருவிடை இரண்டும் நம் ஊர் நாட்டுக்கோழி வகைகள். இங்கே நிறத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. காகம், மயில், கீரி, செவலை என்று எல்லா நிறமும் உண்டு. உடம்பையும் குணத்தையும்தான் பார்க்க வேண்டும். சிறுவிடை சின்ன உடம்பு, மெல்லிய கால். விரட்டினால் ஓடாது, பறந்து மரத்தில் ஏறும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடை படுக்கும். ஒரு கிலோ எடை வர நாலைந்து மாதம் எடுக்கும். மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ நிற்கிற கோழி, பார்க்க எவ்வளவு நாட்டுக்கோழி மாதிரி இருந்தாலும் சிறுவிடை அல்ல.

ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நாமக்கல் கோழி-1 ஆகியவை புறக்கடையில் வளர்ப்பதற்காகவே உருவாக்கிய நல்ல ரகங்கள். அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வனராஜாவைச் சிறுவிடை என்று சொல்லாமல் வனராஜா என்றே சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முட்டைகளை நாமே பொரித்தால் அடுத்த தலைமுறை ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி கலைந்துவிடும். இனம் பெருக்க நினைப்பவருக்கு இது பெரிய நஷ்டம்.

படி 4: நல்ல வளர்ப்பாளரைத் தேடுவது

அரசு நிறுவனங்களில் இருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாதவரம், நாமக்கல், ஓசூர் மையங்களிலும், உங்கள் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். குஞ்சு உடனே கிடைக்காமல் போகலாம், பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். அங்கே பயிற்சி எடுத்துப் பண்ணை வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த முறை நல்ல குஞ்சு கிடைத்தது அப்படித்தான்.

பண்ணைக்கு நேரில் போகாமல் வாட்ஸ்அப் வீடியோவை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். காலையில் தீவனம் வைக்கும் நேரத்துக்குப் போனால் எல்லாக் கோழியும் ஒன்றாக வரும், மந்தை ஒரே சீராக இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீங்கள் உள்ளே நுழையும் முன் கால் கழுவச் சொன்னால், கிருமிநாசினித் தொட்டியில் கால் வைக்கச் சொன்னால், சந்தோஷப்படுங்கள். நல்ல பண்ணை அது.

மூன்று கேள்விகள் கேளுங்கள். தாய்க்கோழிகள் எங்கே, பார்க்கலாமா? ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை, சேவலை எங்கிருந்து, எப்போது மாற்றினீர்கள்? எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருப்பது நல்லது. ஒரே சேவலின் வாரிசுகளுக்குள்ளேயே வருஷக்கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தால் முட்டை பொரிப்பதும் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். மூன்றாவது கேள்விதான் ஆளை அடையாளம் காட்டும்: சேவலை மாற்றினால் எத்தனை நாள் கழித்து அடைமுட்டை எடுக்கிறீர்கள்? பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். குறைந்தது மூன்று வாரம் விட்டு எடுக்கிறேன் என்பவர் தொழில் தெரிந்தவர். வேறு சேவல் மிதித்த பெட்டையின் ரத்தமே கெட்டுவிடும் என்று கிராமத்தில் சொல்வார்கள். அது உண்மையல்ல, அந்த மூன்று வாரம் கழிந்தால் போதும்.

தடுப்பூசிக் கணக்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் மாரெக்ஸ், முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா கண் சொட்டு, இரண்டும் தேதியோடு சொல்ல வேண்டும்.

"குஞ்சு வாங்குங்க, வளர்ந்ததும் நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கிறோம்" என்று சொல்லுகிற இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2012-இல் கொங்குப் பகுதியில் ஈமு கோழியின் பெயரால் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கடக்நாத்தின் பெயராலும் மகாராஷ்டிரத்தில் அதே கதை நடந்திருக்கிறது.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள், ஒரு மாதம் தனியாக வையுங்கள். காலில் எண் போட்ட வளையம் மாட்டி, எந்தப் பண்ணை, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதுங்கள். கடக்நாத் பெட்டைகள் அடை படுப்பதில் அவ்வளவு கெட்டியில்லை, அதனால் சிறுவிடைக் கோழி இரண்டை அடைக்கென்றே வைத்துக்கொண்டால் 21 நாளில் குஞ்சு நிச்சயம். அந்தச் சிறுவிடைகளைக் கடக்நாத் சேவலோடு விடாமல் தனிக் கொட்டகையில் வையுங்கள். ஐந்தாம் மாதம் ஒவ்வொரு சேவலாகப் பிடித்து நாக்கு, கக்கம், உள்ளங்கால் மூன்றையும் மறுபடி பாருங்கள். வெளுத்தது ஒன்று இருந்தால் அதன் வளைய எண்ணை நோட்டில் குறித்துவிட்டுக் கறிக்கு ஒதுக்குங்கள். அதே தொகுப்பில் வந்த பெட்டைகளையும், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், இனம் பெருக்க வைக்காதீர்கள்.