புது ஃபிளாக்ஷிப் போனின் டிஸ்ப்ளேயையும் வேகத்தையும் நீங்களே சோதிப்பது எப்படி?

ஃபிளாக்ஷிப் போன், அதாவது ஒரு கம்பெனியின் உச்ச மாடல், அதன் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் எண்கள் எல்லாம் உச்ச அளவுகள். அந்த உச்சத்தில் போன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. அதை நாமே பார்த்துக்கொள்ளலாம். கேமராவில் ப்ரோ மோடு (ஷட்டர் வேகத்தை நாமே மாற்றும் வசதி) உள்ள இன்னொரு போன் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

படி 1: போனைத் தயார் செய்யுங்கள்

பெட்டியைப் பிரித்த அன்றே வேக ஸ்கோர் பார்க்க உட்காராதீர்கள். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். போன் சும்மாவே சூடாக இருக்கும். ஒரு நாள் விட்டுத் தொடங்குங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் பல போன்களில் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்) 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனையும் (திரை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்ற அளவு) பாருங்கள். சாம்சங் எஸ் அல்ட்ரா வரிசையில் குவாட் எச்டி பிளஸ் பேனல் இருந்தாலும், ஃபுல் எச்டி பிளஸ்ஸில் வைத்துத்தான் தருகிறார்கள்.

படி 2: இருட்டறையில் பேனல்

விளக்கை அணைத்துவிட்டு, பிரைட்னஸைக் கடைசி வரை குறைத்து, அடர்சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்கத் திறங்கள். ஒரு பக்கம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிகிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் லேசான குறை பல ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை வகை) பேனல்களில் தெரியும். அன்றாடம் வைக்கும் பிரைட்னஸிலும் கண்ணில் பட்டால்தான் பிரச்சினை.

அடுத்து, இன்னொரு போனின் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/2000 நொடி அளவுக்கு ஏற்றி, இந்தத் திரையைக் காட்டுங்கள். குறுக்கே பட்டைகள் ஓடும். பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து எரிகின்றன. அந்தத் துடிப்புதான் இப்படித் தெரிகிறது. பட்டை அகலமாக இருந்தால் துடிப்பு மெதுவானது, நன்றாகக் கறுத்திருந்தால் ஆழமானது. இருட்டில் போன் பார்த்தால் தலைவலி வரும் ஆட்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

படி 3: வெயிலில் பிரைட்னஸ்

நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. 3000 நிட்ஸ் என்று போட்டிருந்தால் முழுத்திரையும் அப்படி ஒளிரும் என்று அர்த்தமில்லை. பொதுவாக அது எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வித்தியாசத்தோடு வரும்) காட்சியில் திரையின் சிறு பகுதி தொடும் அளவு. ஆட்டோ பிரைட்னஸை ஆன் செய்துகொள்ளுங்கள். பல போன்கள் சென்சாரில் கடும் வெளிச்சம் பட்டால்தான் முழுப் பலத்தைக் காட்டும். நண்பகல் வெயிலில் வெள்ளைப் பின்னணியுள்ள பக்கம் ஒன்றைத் திறந்து படியுங்கள். முதல் நிமிடம் எல்லாப் போனும் நன்றாகத்தான் இருக்கும். அங்கேயே நின்று பத்து நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு, அதே பக்கத்துக்குத் திரும்புங்கள். திரை தானாக மங்கியிருந்தால், சூட்டுக்குப் பயந்து போன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது என்று பொருள். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது நிலையைத்தான்.

படி 4: 120 ஹெர்ட்ஸ் உண்மையா?

ஆண்ட்ராய்டில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் வசதி அங்கே இருந்தால் ஆன் செய்துவிட்டு ஸ்க்ரோல் செய்யுங்கள். 120 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 8.3 மில்லிநொடிதான், அதற்குள் படம் தயாராகவில்லை என்றால் லேசாக வெட்டும். எண் 120 காட்டியும் வெட்டினால் உங்கள் கண்ணை நம்புங்கள்.

படி 5: வேகம், பிறகு சூடு

வேகத்தை அளந்து ஸ்கோர் தரும் பெஞ்ச்மார்க் ஆப்களில் ஒன்றான கீக்பெஞ்ச் 6 சில நிமிடங்களில் முடிந்துவிடும். போன் சூடாவதற்குள் ஸ்கோர் வந்துவிடுவதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிராஃபிக்ஸ் வேகத்தைச் சோதிக்கும் 3டிமார்க் ஆப்பின் வைல்டு லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஓட்டுங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக 20 சுற்று. கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, ஃபேன் காற்று படாத இடத்தில் வையுங்கள்.

முடிவில் மிக உயர்ந்த ஸ்கோர், மிகக் குறைந்த ஸ்கோர், ஸ்டெபிலிட்டி சதவீதம் (உயர்ந்த ஸ்கோரில் குறைந்த ஸ்கோர் எத்தனை சதவீதம் என்பது) மூன்றும் வரும். ஒரு பேச்சுக்கு, முதல் போன் 6000-இல் தொடங்கி 50 சதவீதம் என்றால் கடைசியில் நிற்பது 3000. இரண்டாவது 5000-இல் தொடங்கி 80 சதவீதம் என்றால் 4000. அரை மணி நேரம் கேம் ஆடுகிறவருக்கு இரண்டாவதுதான் வேகமான போன். பாதியில் ‘சூடு அதிகம்’ என்று டெஸ்ட் நின்றுபோனால் அதுவும் ஒரு முடிவுதான்.

இதோடு நிறுத்தாமல் நிஜமான கேம் ஒன்றையும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். 2022-இல் கேலக்ஸி எஸ்22 வரிசை உள்ளிட்ட போன்களைக் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. கேம்களின் வேகத்தைக் குறைத்த சாம்சங் மென்பொருள், பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

படி 6: ராம்

திறந்த ஆப்களை நினைவில் வைத்திருப்பது ராம். பத்து ஆப்களைத் திறந்துவிட்டு முதலாவதுக்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே இருந்தால் போதும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ஒன்று: திட்டு விழுந்த பேனலைப் போட்டோவுடன் காட்டினால் மாற்றிக் கேட்க வழியுண்டு. ஸ்டெபிலிட்டி 50 சதவீதம் என்று போய் நின்றால் எடுபடாது. அது பழுதல்ல, அந்த மாடலே அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.