பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம்: கையால் செய்ய மூன்று வேலைகள்

நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுக் களைத்த பிள்ளைகள்தான் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். விளக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கவனம் போய்விடும். முதலில் பொருளைக் கையில் கொடுங்கள், காரணத்தை அவர்கள் கேட்கும்போது சொல்லலாம். இருவருக்கு ஒரு செட் வையுங்கள். நால்வர் குழு என்றால் இருவர் செய்வார்கள், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

விளக்கு எரியும் அட்டை (9 வயதுக்கு மேல்)

ஒரு ஜோடிக்கு வேண்டியவை: கெட்டியான ஏ4 அட்டை, 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் ஒன்று, 1 செ.மீ. அகலத்தில் வெட்டிய அலுமினியத் தாள் பட்டைகள் இரண்டு, பசை, செலோடேப், துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்.

1. எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு நடுவே செல்லைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமான கால் செல்லின் பிளஸ் பக்கம் பட்டால் எரியும். எரியாவிட்டால் செல்லைத் திருப்பினால் போதும். ஒரு நிமிடத்தில் எல்லோர் கையிலும் வெளிச்சம் வந்துவிடும்.
2. அட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கத்தில் 5 மி.மீ. துளை போடுங்கள். உள்ளிருந்து எல்.இ.டி.யைச் செருகினால் அதன் விளிம்பு துளையில் தடுத்து நிற்கும். கால்களை எதிரெதிர்ப் பக்கம் விரித்துப் படுக்க வையுங்கள். விரிக்கும் முன்பே பிளஸ் காலின் பக்கத்தில் பென்சிலால் குறியிடுங்கள். மடக்கிய பிறகு எது நீளம் என்று கண்டுபிடிப்பது தலைவலி.
3. பிளஸ் காலிலிருந்து ஒரு பட்டையை அட்டையின் கீழ்மூலைக்கு அருகில் கொண்டுபோய், அதன் நுனியில் செல்லைப் பிளஸ் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இன்னொரு பட்டை மைனஸ் காலிலிருந்து மூலை நுனி வரை போகட்டும். இரண்டும் எங்கேயும் தொடக்கூடாது.
4. மூலையைச் செல்லின் மேல் மடித்தால் விளக்கு எரியும். மடிப்பைக் கிளிப்பால் பிடித்து வையுங்கள்.

எரியவில்லை என்றால் பெரும்பாலும் பசைதான் காரணம். காலுக்கும் பட்டைக்கும் நடுவில் பசை புகுந்தால் மின்சாரம் போகாது. அந்த இடத்தில் பசையே வேண்டாம். காலைப் பட்டையின் மேல் வைத்து, மேலிருந்து செலோடேப்பால் அழுத்தி ஒட்டினால் போதும். அடுத்த சந்தேகம் செல்லின் ஓரம். பிளஸ் தகடு பக்கச்சுவர் வரை சுற்றி வருவதால், மடித்த மூலையின் பட்டை ஓரத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகி விளக்கு அணையும். அந்தப் பட்டையில் செல்லின் நடுப்பகுதியைத் தொடும் இடம் தவிர மற்றதைச் செலோடேப்பால் மூடிவிடுங்கள். பலமுறை மடித்துத் திறந்தால் மடிப்பில் தாள் கிழியும், அங்கே பட்டையை இரட்டையாக வைக்கலாம்.

சீக்கிரம் முடித்தவர்களுக்கு ஒரு நீல எல்.இ.டி.யைக் கொடுத்து, சிவப்புக்குப் பக்கத்தில் அதே பட்டைகளில் இணைக்கச் சொல்லுங்கள். நீலம் எரியாது, அல்லது மங்கும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். சிவப்பு மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. விடையைச் சொல்லிவிடாதீர்கள், சிவப்பைக் கழற்றிப் பார்க்கட்டும். 9 வோல்ட் பேட்டரியை மட்டும் நேரடியாக இணைக்க விடக்கூடாது, எல்.இ.டி. உடனே போய்விடும்.

செல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் கடுமையாக அரிக்கப்படலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அட்டை வீட்டுக்குப் போகட்டும், செல் பெற்றோர் கையில் மட்டும் போகட்டும். சின்னத் தம்பி தங்கைகள் இருக்கும் வீடென்றால் அதுவும் வேண்டாம்.

சுழலும் காகிதம் (6 வயது முதல்)

5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள காகிதத்தை மேலிருந்து 8 செ.மீ. வரை நடுவில் வெட்டுங்கள். அதற்கு 2 செ.மீ. கீழே இரு பக்கமும் ஒன்றரை செ.மீ. உள்ளே வெட்டி, கீழ்ப்பகுதியை உள்பக்கமாக மடித்துத் தண்டாக்குங்கள். அடியில் ஒரு ஜெம் கிளிப். மேலே வெட்டிய இரு பாதிகள்தான் இறக்கைகள். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மடக்க வேண்டும். மேலிருந்து விடும்போது சுழலாமல் கவிழ்ந்தால் கிளிப் இல்லை, அல்லது இரண்டு இறக்கையும் ஒரே பக்கம் மடங்கியிருக்கிறது.

பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொல்லுங்கள்: இறக்கையின் நீளம், அல்லது கிளிப்பின் எண்ணிக்கை. ஸ்டாப்வாட்ச் வேண்டாம், தலை உயரத்திலிருந்து விழும் நேரத்தில், பொத்தானை அழுத்தும் தாமதமே வித்தியாசத்தை விழுங்கிவிடும். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் விட்டு, எது முதலில் தரையைத் தொடுகிறது என்று பார்க்கட்டும்.

செய்தித்தாள் கோபுரம்

பொருள் வராத நாளுக்கு இது. ஜோடிக்கு 10 தாள், ஒரு மீட்டர் டேப், 20 நிமிடம். தாளின் மூலையிலிருந்து தொடங்கி, பென்சிலைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டிய குழாய்தான் நிற்கும். தளர்ந்த குழாய் நடுவில் மடங்கும். சதுரமாகக் கட்டியவர்களின் கோபுரம் சாயும்போது, குறுக்கே ஒரு குழாயை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் சுத்தம் செய்ய. முடியாத வேலைகளைப் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.