தரமணிக்கு ஆய்வு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினி அறிவியல் ஆய்வில் சேர நினைக்கும் மாணவர்களில் பலர் முதலில் கேட்பது இதுதான்: "அங்கே எந்த மொழியில் புரோகிராம் எழுதுவார்கள், சார்? ஜாவாவா, பைத்தானா?" பெரும்பாலும் சாக்பீஸில் எழுதுவார்கள் என்று பதில் சொன்னால் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மத்திய அரசின் அணுசக்தித் துறை நிதியில் நடக்கும் இந்த நிறுவனத்தை 1962 இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கினார். பழைய ஆட்களுக்கு அது இன்றும் 'மேட்சயன்ஸ்'. அங்கே நடப்பது கோட்பாட்டுக் கணினி அறிவியல். எதைக் கணினியால் கணக்கிட முடியும், எவ்வளவு வேகமாக முடியும், எதை வேகமாகச் செய்யவே முடியாது என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். 2004 இல் உலகின் 500 அதிவேகக் கணினிகள் பட்டியலில் இடம்பிடித்த 'கப்ரு' அங்கேதான் இருந்தது. அதைக் கட்டியவர்களோ இயற்பியல்காரர்கள்.

இதை விளங்கிக்கொள்ளாமல் விண்ணப்பிப்பதுதான் முதல் தவறு. ஒரு கல்யாணக் கணக்கு சொல்கிறேன். உறவினர் பட்டியலில் 200 பேர். அவர்களில் சில ஜோடிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். அதிகபட்சம் 10 பேருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டு, மற்றவர்களுக்குள் ஒரு சண்டை ஜோடிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? 200 பேரில் 10 பேரைத் தேர்ந்தெடுக்க 22,000 லட்சம் கோடிக்கும் அதிகமான வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

இப்போது வேறு விதமாக யோசியுங்கள். சண்டை ஜோடி ஒன்றை எடுங்கள். அந்த இருவரில் ஒருவரையாவது விட்டே ஆக வேண்டும். இவரா, அவரா என்று இரண்டு கிளைகள். ஒரு கிளையில் ஒருவரை நீக்கியபின் மிஞ்சும் சண்டைகளில் இன்னொரு ஜோடியை எடுங்கள். மறுபடியும் இரண்டு கிளைகள். பத்துப் பேரைத்தான் விடலாம் என்பதால் பத்து அடுக்குக்கு மேல் மரம் வளராது. 1,024 நுனிகளைப் பார்த்தால் முடிந்தது. பட்டியலில் 2,000 பேர் இருந்தாலும் நுனிகள் அதே 1,024தான்! கணக்கின் கடினத்தை மொத்த அளவில் ஏற்றாமல், இங்கே வந்த 10 போன்ற ஒரு சிறிய எண்ணில் ஏற்றும் இந்த வழியை பாராமீட்டரைஸ்டு அல்காரிதம் என்பார்கள் துறைக்காரர்கள். அந்தப் பெரிய வயலின் வரப்போரம் இது. அந்த வயலில் தரமணிக்கு உலக அளவில் பெயர் உண்டு. அங்கே பணியாற்றும் சாகேத் சவுரப் 2021 இல் அறிவியலுக்கான தேசிய விருதான பட்நாகர் விருது பெற்றார்.

இதைப் படித்ததும் "1,024ஐ இன்னும் குறைக்க முடியாதா?" என்று மனம் அரித்தால் விண்ணப்பியுங்கள். "இதை எந்த கம்பெனி வாங்கும்?" என்று தோன்றினால் அதிலும் குற்றமில்லை, டைடல் பார்க் அருகிலேயே இருக்கிறது.

இரண்டாவது தவறு, எம்.டெக். சேர எழுதும் 'கேட்' தேர்வுக்குப் படித்ததே எல்லாவற்றுக்கும் போதும் என்ற நம்பிக்கை. அதில் நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் வரும். இப்படிப்பட்ட ஆய்வு நிறுவனங்களின் பொது நுழைவுத் தேர்வான 'ஜெஸ்ட்'டில், கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான தாளில் கோட்டுருவியல் (கிராஃப் தியரி), சேர்வியல் (காம்பினேட்டோரிக்ஸ்), அல்காரிதம், தர்க்கம் ஆகியவைதான் ஆள்கின்றன. மனப்பாடம் அங்கே செல்லாது. அதற்குப் பெரும்பாலும் ஆண்டு முடிவை ஒட்டி விண்ணப்பம் வாங்குகிறார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் தேர்வு நடக்கும். தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்து கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். எந்தத் தேர்வுகளை ஏற்பார்கள் என்பதை சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு தரமணிக்குப் போகும் பெற்றோரும் உண்டு. அங்கே இளநிலைப் படிப்பு கிடையாது. அவர்கள் தேடுவது சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ. என்ற சென்னை கணிதவியல் நிறுவனம். பெயர்களும் ஊரும் ஒத்துப்போவதால் வரும் குழப்பம். தரமணியில் செய்யும் முனைவர் பட்டத்தை ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழங்குகிறது.

"எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள்தான் உங்களுக்குத் தருவார்கள். மத்திய அரசு 2023 முதல் உயர்த்திய உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் முகம் சுருங்கும். அந்தப் பேச்சைச் சேர்வதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில், நிரூபணம் ஒன்று நகராமல் நிற்கும் மாதத்தில் அது வெடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது, பெண் பேராசிரியருக்கு 'ஐயா' என்று தொடங்குவது, சிக்கலியல் (ஒரு கணக்கு எவ்வளவு கடினம் என்று அளக்கும் கோட்பாடு) ஆராய்கிறவரிடம் செயலி செய்த அனுபவத்தை அளப்பது. ஒருவருடைய கட்டுரையின் முன்னுரையையாவது படித்துவிட்டு, புரியாத ஒரு வரியைக் கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். வராவிட்டால் மனம் நோக வேண்டாம், சேர்க்கை அந்த மின்னஞ்சலால் தீர்மானமாவதில்லை.

நேர்முகத்தில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு, தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவது. எந்தப் பகுதி பிடிக்கும் என்று கேட்டால் ஐந்து பாடங்களை அடுக்குகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அதை அடிவரை படித்துவிட்டுப் போங்கள். கரும்பலகையில் நிரூபணம் பாதியில் நின்றுவிட்டால், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் ஒரு குறிப்பு தருவார். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.