வால்ஐ மீன் பிடிக்கணுமா, பொழுது சாயட்டும்

அமெரிக்காவுல லேக் ஈரி, மினசோட்டா ஏரிங்க பக்கம் வால்ஐங்கிற மீனப் பிடிக்கப் போறவங்க மத்தியான வெயில்ல போய் காயாதீங்க, இந்த மீனோட கண்ணுக்குள்ள வெளிச்சத்த திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கு, அதனால மங்கல்லயும் நல்லா பாத்து வேட்டையாடும், பொழுது சாயுற நேரம் இல்லனா காத்தடிச்சு தண்ணி லேசா அலையடிக்கிற நாள்தான் செட் ஆகும். என்னோட சாய்ஸ் ஜிக், அதான் ஈயக்குண்டு வச்ச தூண்டில் முள்ளு, கால் அவுன்ஸுக்கு மேல வேணாம், அதுல இரையா மின்னோங்கிற பொடி மீன் ஒண்ண மாட்டிருங்க. அடித்தரைய தட்டுறது கைக்குத் தெரியணும், அப்புறம் அரையடி தூக்கி மெதுவா இறக்குங்க. வெடுக்குனு இழுக்கும்னு காத்திருக்காதீங்க, பல நேரம் பாசி சிக்குன மாதிரி லேசா கனக்கும் அவ்ளோதான், நிறைய பேரு அங்கதான் கோட்டை விடுறாங்க. கழட்டும்போது வாய்க்குள்ள விரல விட்டுறாதீங்க, பல்லு ஊசி மாதிரி இருக்கும்!