தொப்பையும் பெருங்குடல் புற்றுநோயும்: நாம் தவறாக எண்ணிக்கொண்டிருப்பவை

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் புற்றுநோய் என்றதும் பேச்சில் வருவது 'ஆர்.சி.சி.', 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை எல்லைக்கு இப்பால் உள்ளவர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நோய்க்குக் காரணம் தேடும்போது பீடி, சாராயம், வெற்றிலை எல்லாம் வந்துவிடும், தொப்பை மட்டும் வருவதில்லை. ஆனால் உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மிகையான உடற்கொழுப்போடு தொடர்புடையவை என்று 2016-இல் போதிய சான்றுடன் காட்டிய 13 வகைப் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் ஒன்று.

கொழுப்பைப் பத்தாயத்தில் கிடக்கும் நெல்லைப் போல, எடுக்கும்வரை அசையாமல் இருக்கும் சேமிப்பாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. அவற்றின் விளைவாகத் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போவதால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்து நிற்கும் அந்த இன்சுலினும், அதையொட்டி வலுப்பெறும் வளர்ச்சிக் காரணிகளும் குடலின் உட்சுவர் செல்களைப் பெருகத் தூண்டுவதோடு, அழிய வேண்டிய செல்களை அழியவிடாமலும் காக்கின்றன. பாலிப் எனப்படும் சிறு தசைமுளை புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும் என்பதால், இந்தத் தூண்டுதலுக்குக் கிடைக்கும் காலமும் நீண்டதுதான்.

எடை இயந்திரத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. 165 செ.மீ. உயரமும் 66 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடல் நிறைக் குறியீடு 24.2, உலகப் பொது அளவுகோலின்படி அவர் இயல்பான எடை உள்ளவர், இந்தியர்களுக்கான 23 என்ற வரம்பின்படியோ அதைத் தாண்டியவர். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால் அளவு நாடாவே நல்ல சாட்சி: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்தால், ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. பேன்ட்டின் அளவைச் சொல்வது உதவாது, அது தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும்; சாரம் எனப்படும் கைலியும் வேட்டியும் எவ்வளவு பெருத்தாலும் இடம்கொடுக்கும். கொழுப்புக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பெண்களைவிட ஆண்களிடம் வலுவாகத் தெரிகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே உணவின் மேல் பழிபோடுவதும் வழக்கமாகிவிட்டது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றும், மாட்டிறைச்சி முதலான சிவப்பிறைச்சி அதற்கு வாய்ப்புள்ளது என்றும் 2015-இல் வகைப்படுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் பீஃபை விட்டுவிட்டு, மாலைச் சாயாவோடு பழம்பொரியும் ஏத்தங்காய் வற்றலுமாக நாள்முழுதும் உட்கார்ந்தே இருப்பவரின் இடுப்பு குறையப் போவதில்லை. விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையே நடந்து பால் வெட்டிய தலைமுறையின் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், அந்த நடை இல்லாத பிள்ளைகளின் தட்டில் அதே அளவில் தொடர்வது பொருத்தமாகாது.

மெலிந்தவருக்கு இந்நோய் வராது என்பதும் தவறு. குடும்ப வரலாறு, புகையிலை, மது ஆகியவை தனித்தனியே ஆபத்தைக் கூட்டுகின்றன.

எல்லாவற்றிலும் கொடியதாக நான் கருதுவது, மலத்தில் இரத்தம் கண்டவுடன் மூலம் என்று தானே முடிவுகட்டி, மருந்துக்கடையிலோ ஒற்றைமூலி வைத்தியரிடமோ மாதக்கணக்கில் காலம் கடத்துவது. மூலம் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது இருப்பதனாலேயே மேலே குடலில் கட்டி இல்லை என்றாகிவிடாது. நாட்டின் பொதுச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களையே தேடுகிறது. குடலைப் பரிசோதிக்க யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். மலங்கழிக்கும் வழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடித்தாலோ, ஆணுக்குக் காரணமின்றி இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தாலோ, பெருங்குடலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்று மருத்துவரிடம் வெட்கமின்றிக் கேட்க வேண்டும். பருத்தவர் முயற்சி எதுவுமின்றி மெலியத் தொடங்கும்போது உறவினர்கள் பாராட்டுவது இயல்பு. அந்த மெலிவையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.