சேர்ந்து வாசிக்கும்போது வகுப்பில் எங்கே சறுக்குகிறோம்?

டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே அதைத் திருப்பிக் கத்துவதைத்தான் சென்னைப் பள்ளிகள் பலவற்றில் சேர்ந்து வாசிப்பது என்கிறார்கள். கடைசி பெஞ்சைப் பாருங்கள். வாய் அசையும், கண் ஃபேனில் இருக்கும். நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் சேர்ந்து வாசிக்கும் முறையை வளர்த்தபோது பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்ததே, எல்லார் கண்ணும் எழுத்தின் மேல் இருக்கத்தான். நாற்பது பேருக்கு ஒரு பாடப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் அது நடக்காது. சார்ட் பேப்பரில் எட்டு வரி பெரிதாக எழுதி ஒட்டி, குச்சியால் சொல் சொல்லாகத் தொட்டு வாசியுங்கள்.

'ஊகித்து வாசிங்க' என்று உத்தரவு போடுவது இன்னும் பெரிய தவறு. ஊகிப்பது எப்படி என்று பிள்ளைகள் காதில் விழ வேண்டாமா? மீனவர்கள் வாழும் காசிமேட்டில் ஒரு பள்ளி என்றே வைத்துக்கொள்வோம். சார்ட்டில் 'வானம் கறுத்தது. அப்பா படகைக் கரைக்கு ஏற்றினார்' என்று இருக்கிறது. அங்கே நிறுத்தி, "புயல்னு எங்கேயும் எழுதலையே... ஆனா வானம் கறுத்திருக்கு, படகையும் ஏத்திட்டார். புயல் வருதோ?" என்று டீச்சர் வாய்விட்டு யோசிக்க வேண்டும். அடுத்த இடத்தில் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். கடல் விஷயத்தில் அவர்கள் டீச்சரையே மிஞ்சுவார்கள்.

அதற்காக வரிக்கு வரி நிறுத்தினால் கதை செத்துவிடும். முதல் வாசிப்பில் இரண்டு மூன்று இடம் போதும். கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது எல்லாம் அடுத்தடுத்த நாள் மறுவாசிப்பில்.

அப்புறம், திருத்துவது. 'வந்துவிட்டார்கள்' என்பதைக் குழந்தை 'வந்துட்டாங்க' என்று வாசித்தால் பாய வேண்டாம். பொருள் புரிந்துதான் தன் பேச்சில் சொல்கிறது. வரி முடிந்ததும் குச்சியை அந்தச் சொல்லில் வைத்தால் பெரும்பாலும் தானே மாற்றிக்கொள்ளும். படத்தைப் பார்த்து, 'படகு' என்ற இடத்தில் 'கப்பல்' என்றால் மட்டும் விடக் கூடாது. அங்கே எழுத்தைப் பார்க்கவே இல்லை. முதல் எழுத்தைக் காட்டிக் கேளுங்கள்.

2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்திருப்பீர்கள். சேர்ந்து வாசிக்கும் கால் மணி நேரம் மட்டும் எல்லோரும் கலந்தே உட்காரட்டும். அரும்புக் குழந்தையை எழுப்பி 'நீ வாசி' என்று நிறுத்தாதீர்கள். கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியை மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தாலே போதும்.