மீண்டு வரும் செவிலியருக்குத் துணை நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப்பழக்கத்துக்கு ஆளான செவிலியரின் உரிமத்தைப் பறித்து வீட்டுக்கு அனுப்புவதைவிட, சிகிச்சை தந்து, கண்காணித்து, மறுபடி வேலையில் அமர்த்துவது நோயாளிக்கும் நல்லது, செவிலியருக்கும் நல்லது. இந்த எண்ணத்தில்தான் அமெரிக்காவில் தண்டனைக்கு மாற்றான திட்டங்கள் பிறந்தன. ஃபுளோரிடாவில் 1983இலும் டெக்சாஸில் 1987இலும் தொடங்கியவை இன்று பல மாநிலங்களில் நடக்கின்றன. சேருபவர் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுகிறார். தினமும் செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். பெயர் வரும் நாளில் பரிசோதனைக்குப் போக வேண்டும். செவிலியர் குழுக் கூட்டங்களையும் தவறவிடக் கூடாது. இத்தனை காலமும் அவர் பக்கத்தில் நிற்பவர் சக துணைவர். அவரும் செவிலியர்தான். பலர் இதே வழியைக் கடந்து வந்தவர்கள்.

துணைவர் தன் இடத்தை விட்டு நகர்ந்து மேலதிகாரியாகவோ மருத்துவராகவோ மாறும்போதுதான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

கண்காணிப்பவரே துணைவராக இருப்பது

வேலையிடக் கண்காணிப்பாளர் திட்டத்துக்கு அறிக்கை எழுதுபவர். அவரையே துணைவராகவும் போட்டால் ஆள் மிச்சம், ஆனால் பயன் இல்லை. “நேற்று மருந்து அலமாரி முன்னால் நின்றபோது கை நடுங்கியது” என்பதை அறிக்கை எழுதுபவரிடம் யார் சொல்வார்கள்? சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரிதான் அடுத்த வாரம் ஆபத்தாக வந்து நிற்கும். டூட்டி அட்டவணை போடுபவரும் துணைவராகக் கூடாது. வேறு வார்டைச் சேர்ந்தவர் பரவாயில்லை. வேறு மருத்துவமனையைச் சேர்ந்தவர் இன்னும் நல்லது.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்கவே கூடாத வாக்கு இது. முதல் சந்திப்பிலேயே, வேறு எதையும் பேசும் முன், எவற்றை மறைக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும்: நோயாளிக்கு ஆபத்து, தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, டூட்டியில் போதை, வார்டு மருந்தைத் திருட்டுத்தனமாக எடுத்தது. மீதி எல்லாம் நம்மிடமே இருக்கும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னாளில் திடீரென்று எல்லையைச் சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

சிகிச்சை மையங்களின் பதிவேடுகளைக் காக்கும் கூட்டாட்சி விதிகள், தன்னார்வத் துணைவரோடு பேசும் பேச்சைத் தானாகவே காத்துவிடாது. ஆகவே பெயரோடு குறிப்பெடுப்பதும், வாட்ஸ்அப்பில் விவரம் எழுதி வைப்பதும் வேண்டாம். யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் பணியில் விதிமீறல் எதுவும் இல்லாமல் போதைச் சந்தேகம் மட்டும் இருந்தால், உரிமம் தரும் செவிலியர் வாரியத்துக்குப் பதிலாக மேலே சொன்ன மாற்றுத் திட்டத்திடமே சொல்லலாம். விதிமீறல் இருந்தால் வாரியத்துக்குப் போக வேண்டும். துணைவராகப் பொறுப்பேற்கும் முன்பே தங்கள் மாநில விதியைப் படித்து வைப்பது அவசியம்.

மருத்துவர் வேலையைச் செய்வது

செவிலியர்கள் என்பதாலேயே இந்தத் தவறு எளிதில் நடக்கிறது. “நாளையிலிருந்து அடியோடு நிறுத்திவிடு, நான் கூட இருக்கிறேன்” என்பது அன்பான பேச்சு. ஆனால் தினமும் குடித்தவரும் டயாசிபாம் வகைத் தூக்க மாத்திரைகளில் ஊறியவரும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மதுவை நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், 2 முதல் 4 நாட்களுக்குள் சன்னியும் (மனம் குழம்பிப் பிதற்றும் நிலை) வரக்கூடும். அதை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சமாளிக்க முடியாது.

இன்னொன்று, பியூப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ எடுப்பவரைப் பார்த்து “இன்னும் நீ சுத்தமாகவில்லை” என்பது. ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்து வகை) பழக்கத்தில் சாவைக் குறைப்பதாக நன்கு நிறுவப்பட்ட சிகிச்சைகள் இவை. துணைவரின் வாய்வார்த்தையை நம்பி மருந்தை நிறுத்தியவர் மறுபடி பழைய அளவை எடுத்தால், இறங்கிப்போன தாங்குதிறனில் மூச்சு நின்றுவிடலாம். பியூப்ரெனார்ஃபின் எடுத்த ஒரு செவிலியரைத் தன் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர விடாதது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானது என்று இந்தியானா மாநிலச் செவிலியர் வாரியத்தைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2022 மார்ச்சில் கண்டறிந்தது. வாரியத்துக்கே இல்லாத அதிகாரம் துணைவருக்கு ஏது? ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தை ஆரம்பிக்க விரும்புபவர் ஓபியாய்டு இல்லாமல் குறைந்தது 7 முதல் 10 நாட்கள் இருந்திருக்க வேண்டும். இதையும் மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

பரிசோதனைக் கண்ணிகளைச் சொல்லாமல் விடுவது

இங்கே துணைவரின் அனுபவம் நேரடியாகப் பயன்படும். மது குடித்ததைக் காட்டும் ஈடிஜி சிறுநீர்ப் பரிசோதனை சுமார் மூன்று நாட்கள் வரை பின்னோக்கிப் பார்க்கும். அது அவ்வளவு நுண்மையானது என்பதால் மவுத்வாஷ், இருமல் மருந்து, அடிக்கடி பூசும் கைச் சுத்திகரிப்பான் ஆகியவையும் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். ஆல்கஹால் இல்லாதவற்றுக்கு மாறச் சொல்லுங்கள். வார்டில் முடிந்த இடங்களில் சோப்பும் தண்ணீரும். சந்தேகமான முடிவு வந்தால், குடித்ததை 2 முதல் 4 வாரம் வரை காட்டும் பெத் இரத்தப் பரிசோதனையை உடனே கேட்கலாம்.

தமிழ்ச் சமையல் பழகிய செவிலியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கசகசாவில் மார்ஃபினும் கோடீனும் ஒட்டியிருக்கும். குருமாவில் அரைத்து ஊற்றியது பரிசோதனையில் தெரியலாம். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதித்தலில் உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஒப்பந்தக் காலம் முழுக்க இரண்டையும் விட்டுவிட வேண்டும். பயத்தில் லிட்டர் கணக்காகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதும் வினை: சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மாதிரி நீர்த்துப்போனது என்று எழுதிவிடுவார்கள். பல் பிடுங்கவோ அறுவைக்கோ நாள் குறித்தால், வலி மருந்துச் சீட்டை முன்கூட்டியே திட்ட அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பரிசோதனைச் செலவு பெரும்பாலும் செவிலியர் கையிலிருந்துதான் போகிறது. துணைவர் கடன் கொடுக்க வேண்டாம், உறவு கெடும். கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள், போதும்.

முதல் ஷிஃப்டைத் தற்செயலுக்கு விடுவது

வேலைக்குத் திரும்பிய பின் 6 மாதம் முதல் ஓராண்டு வரை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தொடக் கூடாது, நைட் ஷிஃப்ட் கூடாது, ஓவர்டைம் கூடாது, வார்டு மாற்றி அனுப்பக் கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். காகிதத்தில் இது சரி. வார்டில், காலை எட்டு மணிக்கு நோயாளி வலியில் கத்தும்போது ஊசி போட யாரைக் கூப்பிடுவது? அந்தக் கணத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சுவது எல்லார் முன்னாலும் அவமானம். எந்த ஷிஃப்டில் யார் மருந்து கொடுப்பது என்று பெயரோடு முதல் நாளுக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பதிலுக்கு, திரும்பி வந்தவர் மருந்து கொடுப்பவருடைய கட்டு மாற்றும் வேலையையோ புது நோயாளி அனுமதியையோ எடுத்துக்கொள்ளட்டும். வேலை ஈடாகிவிட்டால் முணுமுணுப்பு குறையும். ஷிஃப்ட் முடிந்ததும் துணைவர் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும், குறைந்தது முதல் இரண்டு வாரங்கள்.

குழுவில் எதையும் பேசலாம் என்று விடுவது

மருந்தை எப்படி எடுத்தேன், பதிவேட்டை எப்படிச் சரிக்கட்டினேன் என்ற விவரங்களைக் குழுவை நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும். கேட்பவருக்கு அது ஆசையைக் கிளப்பும், வழியும் காட்டும். “அப்போது என்ன உணர்ந்தாய்” என்று பேச்சைத் திருப்பலாம். பொதுவான குடிநோயாளர் கூட்டம் மட்டும் போதும் என்பதும் சரியல்ல. நோயாளியின் ஃபென்டனிலை எடுத்தேன் என்பதை அந்நியர் நடுவே சொல்ல முடியாது.

சறுக்கலைக் கண்டு மிரள்வது

மறுபடி போதையைத் தொட்டவரைக் கோபத்தில் திட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு அனுப்புவது இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது. பிடிபட்ட அன்றும் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அன்றும் தற்கொலை அபாயம் உச்சத்தில் இருக்கும். டூட்டியில் இருந்தால் முதலில் நோயாளிகளிடமிருந்து விலக்கிப் பொறுப்பு செவிலியரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்ட விடாதீர்கள். “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஆமென்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்து, நம்பகமான ஒருவர் வரும்வரை உட்கார்ந்திருங்கள். ஓபியாய்டு பழக்கம் உள்ளவர் வீட்டில் அளவு மீறி மூச்சு அடங்கும்போது மீட்கும் 4 மில்லிகிராம் நாலாக்ஸோன் மூக்குத் தெளிப்பான் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். சறுக்கலைத் திட்டத்துக்குத் தானே சொல்ல உதவுங்கள். தானாகச் சொன்னவரையும் பரிசோதனையில் பிடிபட்டவரையும் திட்டங்கள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

மருந்துச் சாவி திரும்பக் கிடைக்கும் வாரமும், ஒப்பந்தம் முடியும் மாதமும் துணைவர்கள் விலகிக்கொள்ளும் நேரங்கள். அந்த இரண்டு சமயங்களில்தான் சந்திப்பை வாரம் ஒன்றிலிருந்து இரண்டாக்க வேண்டும்.